தாழ்ப்பாள்காரிக்கு விழுந்த ஓட்டு

ஜூன் பிறந்து இரண்டு வாரம் ஆகிவிட்டால் போதும், எங்கள் போர்ட் ஹேடனில் வாயைத் திறந்து பேச முடியாது. பேசினால் உள்ளே போய்விடும். ஈரி ஏரியின் அடிச்சேற்றில் இரண்டு வருஷம் புதைந்து கிடந்த நீர் ஈசல் அத்தனையும் ஒரே வாரத்தில் கிளம்பி ஊருக்குள் வரும். ஊரில் அதற்குக் கனடாச் சிப்பாய் என்று பேர். எதிர்க்கரை கனடா. கெட்டது எதுவானாலும் எதிர்க்கரையிலிருந்துதான் வரவேண்டும் என்பது எங்கள் ஊர்க்காரர்களின் தீர்மானம். அந்தப் பூச்சிக்கு ஒரு நாள்தான் ஆயுசு. விளக்கு, சுவர், கண்ணாடி, மனுசர் கழுத்து என்று கண்ட இடத்தில் அப்பும், கூடும், செத்து விழும். விழுந்தது வெயிலில் அவிந்தால் அழுகின மீன் நாற்றம். பனி அள்ளும் அகலக் கரண்டியை மறுபடியும் வெளியே எடுத்துக் கடைக்காரர்கள் வாசலில் குவியல் குவியலாக அள்ளுவார்கள். கார் போனால் சக்கரத்தடியில் மொறுமொறுவென்று நசுங்கும். சீ, சொல்லும்போதே உடம்பு கூசுகிறது.

இந்த வாரத்தில் ஏரி மீனுக்கு விருந்து. வயிறு முட்டத் தின்றுவிட்டுத் தூண்டில் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. வெளியூரிலிருந்து படகு வாடகைக்கு எடுத்துவந்த ஆட்கள் வெறும் ஐஸ்பெட்டியோடு திரும்புவார்கள். அவர்கள் பிடித்துவரும் மீனை அறுத்து, முள் நீக்கி, தோல் உரித்துக் கொடுக்கிறதுதான் படகுத்துறைக் கொட்டகையின் பிழைப்பு. மீன் இல்லையென்றால் அங்கே ஆறு பெண்களுக்கு என்ன வேலை?

நொரீன் அங்கே பத்தொன்பது வருஷமாக அறுக்கிறாள். ஐம்பத்தேழு வயது. குளிர்காலத்தில் பனியில் வழுக்கி விழுந்ததிலிருந்து இடது தோள்பட்டை தூக்க வராது. பக்கத்து மேசையில் பெர்னடெட் சாபோ. எல்லாருக்கும் பெர்னி. அறுபத்திரண்டு. மணிக்கட்டில் பட்டை கட்டிக்கொண்டு அறுப்பாள், அரை மணிக்கு ஒருதரம் கத்தியைக் கீழே வைத்துக் கையை உதறுவாள். முன்பு ஒரு மணி நேரத்தில் நூறு பெர்ச் மீனை முடித்த கை, இப்போது ஐம்பதுக்குத் திணறுகிறது. கொட்டகையில் வேகத்தில் அவள்தான் கடைசி. அவளுக்கு முந்தினது நொரீன்.

செவ்வாய்க்கிழமை காலை முதலாளி க்ளிஃப் வந்து கையைத் தட்டினான்.

"பொண்ணுங்களா, ஒரு நிமிசம். தெரிஞ்ச விசயந்தான். சிப்பாய் வந்துட்டான். இனிமே அஞ்சு பேருக்குத்தான் வேலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் டப்பா வைக்கிறேன். யாரு வீட்டுல இருக்கணும்னு நீங்களே எழுதிப் போட்டுடுங்க. நான் இதுல கையே வைக்கமாட்டேன். நான் சொன்னா பாரபட்சம்னு பேச்சு வரும்."

ஆறு வருஷமாக இதுதான் அங்கே வழக்கம். பழைய காப்பித்தூள் டப்பா, மூடியில் கத்தியால் கிழித்த ஒரு வாய். ஆளுக்கொரு சீட்டு. யார் பேர் அதிகமோ அவள் வீட்டுக்குப் போகவேண்டும். ஆகஸ்டில் மீன் திரும்பும்போது கூப்பிடுகிறேன் என்பான் க்ளிஃப். கூப்பிட்டதில்லை. புது ஆள் வந்துவிடும். ஒருத்தி வயிற்றில் அடிக்கிற காரியத்தை மற்ற ஐந்து பேர் கையால் செய்ய வைத்துவிட்டு, இது ஜனநாயகம் என்று வேறு சொல்லிக்கொள்வான். அவன் முகத்தைப் பார்த்தாலே நொரீனுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் ஆறு வருஷமாக அவளும் எழுதித்தான் போட்டாள்.

"காப்பி டப்பாக்குள்ள கர்த்தர் உக்காந்திருக்காரு. தீர்ப்பு சொல்லுவாரு" என்றாள் பெர்னி மெதுவாக.

"சும்மா இரு. காதுல விழப்போகுது."

"விழட்டுமே. இந்தா, இத பாரு." பெர்னி ஒரு மீனின் வயிற்றைக் கீறிக் காட்டினாள். உள்ளே கறுப்பாகக் கூழ். இறக்கை, கால், கண் எல்லாம் மசிந்த கூழ். "இதத் தின்ன மீனத்தான் வெளியூர்க்காரன் எலுமிச்சம்பழம் பிழிஞ்சு திங்கிறான்."

"கருமம். தூரப் போடுடி."

பன்னிரண்டு மணிக்கு இருவரும் நொரீனின் வண்டிக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பெர்னியின் டப்பாவில் வெண்ணெயில் வதக்கிய முட்டைக்கோசும் நூடுல்ஸும், மேலே தாராளமாக மிளகு. பாதியை எப்போதும் நொரீன் பக்கம் தள்ளிவிடுவாள். பெர்னிக்குக் கார் கிடையாது. பதினோரு வருஷமாகப் போகும்போதும் வரும்போதும் நொரீன் வண்டிதான்.

மறுநாள் புதன்கிழமை. புதன் மதியம் நொரீன் சாப்பிடுவதில்லை. நேரே ஆரின் என்ற கிழவனின் கடைக்குப் போய்விடுவாள்.

ஆரின் கடை காமிக்ஸ் கடை. அந்த மாதிரி இடத்துக்குள் கால் வைப்பாள் என்று மார்ச் மாதம் யாராவது சொல்லியிருந்தால் நொரீன் சிரித்திருப்பாள். ஏப்ரலில் ஆலங்கட்டி மழைக்கு ஒதுங்கினாள். உள்ளே சுவர் பூராவும் இறுக்கிப் பிடித்த உடுப்பும் புடைத்த மாருமாகப் பறக்கிற வீரர்கள். வாசலோரம் ஒரு பெட்டி, எதை எடுத்தாலும் ஒரு டாலர். மழை நிற்கிற வரைக்கும் சும்மா புரட்டலாம் என்று புரட்டினவள் கையில் ஒரு அட்டை நின்றுவிட்டது. அட்டையில் ஒரு பெண். குண்டு. பொத்தான் வைத்த கம்பளிச் சட்டை, தட்டைச் செருப்பு, கண்ணாடி. ஒரு கையை இரும்புக் கதவின் மேல் வைத்துக்கொண்டு நம்மை முறைத்துக்கொண்டு நிற்கிறாள். மேலே பெரிய எழுத்தில் 'லாட்ச்'.

தாழ்ப்பாள். அவ்வளவுதான் அவள் பேர். பள்ளிக்கூடத்தைக் கூட்டிப் பெருக்குகிற எட்னா என்ற விதவை. அவள் உள்ளங்கையால் எதைச் சாத்தினாலும், அவளாகத் திறக்கிற வரை எவனாலும் திறக்க முடியாது. பறக்கமாட்டாள், சுடமாட்டாள், ஓடக்கூட மாட்டாள். சாத்துவாள். அதுதான் அவள் சக்தி.

இரண்டாவது இதழில் தொழிற்சாலைக் கழிவுக் குழாய் ஒன்று வெடித்து ஊருக்குள் பாய்கிறது. இவள் போய்க் கையால் அடைத்துக்கொண்டு நிற்கிறாள். ஆட்கள் வந்து பழுது பார்க்க பதினோரு மணி நேரம் ஆகிறது. அதில் ஏழாவது மணி நேரத்தில் அவளுக்கு ஒன்றுக்கு வருகிறது. பக்கத்தில் நிற்கிற போலீஸ்காரனைக் கூப்பிட்டு, "தம்பி, அந்தக் கோட்டைக் கழற்றிக் குறுக்கே பிடி, திரும்பிப் பார்த்தால் தொலைத்துவிடுவேன்" என்கிறாள். ஒரு பக்கம் முழுக்க அதுதான். அவன் கோட்டைப் பிடித்தபடி வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

நொரீன் வண்டிக்குள் அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். க்ளிஃப் கொட்டகையில் கூட்டமான சனிக்கிழமைகளில் ஒன்றுக்குப் போகவும் நேரம் கிடையாது. ரப்பர் ஏப்ரனுக்குள் காலை இடுக்கிக்கொண்டு அறுத்த நாட்கள் அவளுக்குத் தெரியும். உலகத்தைக் காப்பாற்றுகிறவர்கள் இத்தனை பேர் இருக்கிறார்களே, ஒருத்தருக்காவது ஒன்றுக்கு வந்ததா?

பெர்னியிடம் அந்தப் பக்கத்தைக் காட்டியபோது அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "அட, நம்ம கொட்டகையில வேலை பாத்தவளா இருப்பாளோ! இவ வர்ற மத்த புத்தகத்தையும் வாங்குடி. நான் பாதி தர்றேன்."

அப்படித்தான் நொரீன் ஐம்பத்தேழு வயதில் ரசிகை ஆனாள். ஒன்று, மூன்று, நான்கு, ஐந்து என்று ஆரின் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துக் கொடுத்தான். ஆரின் எழுபது வயதுக் கிழம். காதில் முடி, சட்டையில் காப்பிக் கறை. நாடு முழுக்க லாட்சுக்கு ஒன்பது ரசிகர்கள் இருப்பார்கள், நீங்கள் பத்தாவது என்பான்.

இந்தப் புதன்கிழமை அவன் முகம் சரியாக இல்லை.

"ஆறாவது கேட்டீங்கல்ல? இருக்கு. பதினோரு பிரதி இருக்கு."

"பதினொண்ணா! ஒண்ணு எடுங்க போதும்."

"அதில்ல. எல்லாத்துலயும் ஓட்டை."

மேசைமேல் பரப்பினான். பதினொன்றிலும் ஒரே பக்கத்தில், ஒரே மூலையில், உள்ளங்கை அளவுக்கு ஒரு துண்டு வெட்டி எடுத்திருந்தது. வெட்டின ஓரம் பல் பல்லாக இருந்தது. தையல்காரிகள் துணி நூல் பிரியாமல் இருக்க வெட்டுவார்களே, அந்தப் பல் கத்தரிக்கோல். பக்கத்தைத் திருப்பினால் மறுபுறம் கதைப்படம். லாட்சின் முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஓட்டை.

"இது என்ன வேலை? எந்தக் கிறுக்கன்?"

"நாலு வருசம் முன்னாடி ஒரு பெட்டிச் சாமானோட மொத்தமா வந்தது. நல்ல பிரதி ஒண்ணு கிடைக்குமான்னு எங்கெல்லாமோ கேட்டுட்டேன். இல்ல." ஆரின் காதைச் சொறிந்தான். "ஏழாவதும் வச்சிருக்கேன். கடைசி இதழ். ஆனா ஒண்ணு சொல்றேன், வாங்காதீங்க. ஆறோட நிப்பாட்டிக்குங்க."

"ஏன், செத்துப்போறாளா?"

ஆரின் மற்ற பத்துப் பிரதியையும் அடுக்கத் தொடங்கினான். அவள் இரண்டையும் வாங்கிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் நொரீன் மக்ரோனியைக் கொதிக்க வைத்துவிட்டு, மேசையில் ஆறாவதை விரித்து, அந்த ஓட்டையில் என்னதான் இருந்திருக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் வெண்டல் உள்ளே வந்தான். படகுத்துறையில் படகுகளுக்கு எண்ணெய் போடுகிற வேலை அவனுக்கு. மீன் இல்லாமல் படகும் குறைந்து, வாரம் மூன்று நாள்தான் வேலை. இந்த வருஷம் வீடு நிற்பது நொரீன் கையிலிருக்கும் கத்தியில்தான். வெண்டலின் தலையிலும் காலரிலும் ஈசல். ஒன்றை எடுத்து மேசையோரம் தேய்த்தான்.

"வெளிய உதறிட்டு வரமாட்டியா? சோறு திங்கிற மேசை அது."

"உதறினா போகுதா சனியன்." குனிந்தவன் கண் விரிந்தது. "அட! இந்தக் குண்டச்சி! இத எங்க புடிச்ச?"

"உனக்கு இவளத் தெரியுமா?"

"தெரியுமாவா? நாங்கதான இவள முடிச்சோம்." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். முப்பத்தோரு வருஷக் குடித்தனத்தில் அவன் முகத்தில் இப்படி ஒரு சந்தோஷத்தை நொரீன் அதிகம் பார்த்ததில்லை. ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டு ஆட்டினான். "இங்க ஒரு சீட்டு இருந்துச்சு. லாட்ச் வாழட்டுமா, சாகட்டுமா? ஒண்ணுல டிக் அடிச்சு, வெட்டி, நியூயார்க்குக்கு அனுப்பணும். புத்தகம் விக்கலன்னு கம்பெனிக்காரன் பண்ணின வேலை. எனக்குப் பன்னெண்டு வயசு. அப்பல்லாம் காமிக்ஸ் மருந்துக்கடையில விப்பாங்க, வந்த அம்புட்டையும் நானே வாங்கிட்டேன். பேப்பர் போட்ட காசு பூரா. அம்மாவோட பல்லு கத்தரி இருக்கும்ல, அதால வெட்டினேன்."

"அம்புட்டையுமா?"

"இருபத்தி மூணு. பாதிய வெட்டினதும் தூக்கிப் போட்டுட்டேன், மீதி அம்மா வீட்டுப் பரண்ல கிடந்துச்சு. வீட்டக் காலி பண்ணினப்ப அந்தக் காமிக்ஸ் கிழவன்கிட்டதான் தள்ளிவிட்டேன்."

"ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டுதான இருக்கும்?"

"அங்கதான் மூளை வேணுங்கறது. நான் பேப்பர் போட்ட வீட்டுக்காரங்க பேரா எழுதினேன். மிஸஸ் ஹோல்கம், டாக்டர் வீட்டம்மா, பாதிரியாரு. இருபத்தி மூணு பேரு, இருபத்தி மூணு விலாசம். எழுத்தக்கூட மாத்தி மாத்தி எழுதினேன், ஒருத்தனும் கண்டுபிடிக்கல." அவன் குலுங்கிச் சிரித்தான்.

அடுப்பில் தண்ணீர் பொங்கி வழிந்து சுர்ரென்றது. நொரீன் எழுந்து அணைத்தாள். ஏழாவது இதழ் பைக்குள் இருந்தது. எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். லாட்ச் பள்ளிக்கூடத்துக் கொதிகலன் அறைக்குள் நின்று, பிள்ளைகள் வெளியே ஓடியதும் கதவை உள்பக்கமாகச் சாத்திக்கொள்கிறாள். கீழே கறுப்புக் கட்டத்தில் கம்பெனிக்காரன் அறிவிப்பு. சாகட்டும்: 1,340. வாழட்டும்: 1,322. உங்கள் தீர்ப்புக்கு நன்றி.

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு விரல் விட்டுக் கழித்துப் பார்த்தாள். பதினெட்டு வித்தியாசம். இவன் போட்டது இருபத்து மூன்று.

"வெண்டல். நீதான்."

"என்ன நான்தான்?"

"நீ போடலன்னா இவ பொழச்சிருப்பா."

அவன் அந்தப் பக்கத்தை வாங்கி உற்றுப் பார்த்தான். உதடு அசைந்தது. பிறகு மேசையை ஓங்கித் தட்டினான். "அடேங்கப்பா! நானா! இத்தன வருசம் தெரியாம இருந்துட்டேனே! நொரீன், உன் புருசன் ஒரு சூப்பர்ஹீரோவ தனியாளா கொன்னவன்!"

அவன் வாயில் பழுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. ஈசல் காலோ என்னவோ.

"அவ உனக்கு என்னடா பண்ணினா?"

"என்ன பண்ணணும்? பாரேன் மூஞ்சிய. கம்பளிச் சட்டையும் கண்ணாடியும். அம்மா மாதிரி இருந்தா. முப்பது சென்ட் குடுத்து எவனாச்சும் அம்மாவப் பாப்பானா?"

"அதுக்காக?"

"காகிதம்டி அது! காகிதத்துக்குப் போயி மூஞ்சியத் தூக்குற? பைத்தியமா உனக்கு?" அவன் தட்டை இழுத்து மக்ரோனியை வாரிப் போட்டுக்கொண்டான். வாயில் வைத்துக்கொண்டே சொன்னான். "நிஜத்துக்கு வா. வெள்ளிக்கிழமை விசயம் முடிஞ்சுது. எல்லார்கிட்டயும் பேசிட்டேன். உங்க கொட்டகை கொலீன் கொஞ்சம் முரண்டு பண்ணினா. அவ மகனுக்குப் படகுத்துறையில வேலை சொல்லி விடறேன்னேன், அடங்கிட்டா. எல்லாம் பெர்னிதான். நீயும் பெர்னின்னு எழுதிடு, ஒரு ஓட்டு சிதறக்கூடாது."

நொரீன் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

"யாரு உன்னக் கேட்டது?"

"யாரும் கேக்கல. திங்கக்கிழமையே சொன்னேனே, டப்பா வருது, நான் பாத்துக்கறேன்னு. நீ வேணாம்னு சொன்னியா?"

சொல்லவில்லை. திங்கட்கிழமை அவன் சொன்னபோது அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீரை இன்னும் கொஞ்சம் வேகமாகத் திறந்துவிட்டாள். அவ்வளவுதான் செய்தாள்.

"அவ இல்லன்னா நீ. வேற யாரு? உன் தோள வச்சுக்கிட்டு நீ எத்தன மீன் அறுக்கற? எண்ணிப் பாரு. நான் உன் பக்கம்டி." வெண்டல் உண்மையாகவே மனசு நொந்துதான் சொன்னான். அதுதான் அவளுக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது. அவன் கெட்டவன் இல்லை. குழந்தைக்கு உடம்பு சரியில்லையென்றால் கண் கொட்டாமல் உட்கார்ந்திருந்தவன். யாரைக் கழற்றிவிடுவது என்று வந்துவிட்டால் மட்டும் அவனுக்கு நாக்கில் தித்திக்கும். சர்ச்சில் பழப்பணியாரப் போட்டி நடந்தால்கூட யாரை முதல் சுற்றில் தள்ளுவது என்று வீடுவீடாகப் போவான்.

அவள் சாப்பிடவில்லை. தன் பங்கை அப்படியே கொட்டிவிட்டுச் சோபாவில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை கொட்டகையில் மொத்தமே நாற்பது மீன். ஆறு பெண்களும் அறுக்கிற பாவனையில் நின்றார்கள். மேசையைக் கழுவினார்கள், கழுவின மேசையை மறுபடி கழுவினார்கள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை. குடல் வாளியில் ஈசல் விழுந்து துடித்தது.

"என்னடி, மூஞ்சி செத்துக் கிடக்கு?" என்றாள் பெர்னி.

"லாட்ச் செத்துட்டா."

"அட பாவமே! யாரு கொன்னது? கதையில வர்ற அந்தத் திருட்டு மேயரா?"

"படிச்சவங்க. சீட்டு அனுப்பி. வாழட்டுமா சாகட்டுமான்னு கேட்டிருக்கான். சாகட்டும்னு அனுப்பியிருக்காங்க."

பெர்னி கத்தியை வைத்துவிட்டுக் கையை உதறினாள். "தூ! என்ன ஜென்மங்க. கழிவு ஊருக்குள்ள வராம கையால அடைச்சுக்கிட்டு நின்னாளே, அவளயா? ஊருபேரு தெரியாத பயலுங்க, அதான். எங்கயோ உக்காந்துக்கிட்டு டிக் அடிச்சிட்டானுங்க. நேருல பாத்திருந்தா கை வராது."

அதில் இருபத்து மூன்று சீட்டு என் வீட்டிலிருந்து போனது என்று நொரீனுக்கு நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் அதோடு நிற்காது, மற்றதையும் சொல்லவேண்டி வரும். விழுங்கினாள். மதியம் பெர்னி பாதி நூடுல்ஸைத் தள்ளினாள். நொரீன் தின்றாள்.

சாயங்காலம் பெர்னியை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பும்போது முடிவு பண்ணிக்கொண்டாள். எவள் பேரும் எழுதமாட்டேன். வெறும் சீட்டைப் போடுவேன். வெண்டல் கூப்பாடு போடட்டும். மற்றவர்கள் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும், என் கையால் அது நடக்காது. நினைக்க நினைக்க நெஞ்சு லேசானது. வீட்டுக்குப் போய், "உன் கூட்டத்துல நான் இல்ல" என்று வெண்டலிடம் சொல்லியும் விட்டாள். அவன் தோளைக் குலுக்கினான்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு க்ளிஃப் டப்பாவை ஐஸ்பெட்டி மேல் வைத்தான். மஞ்சள் காகிதத் துண்டு ஆறு, பென்சில் ஆறு. "அவசரமில்ல பொண்ணுங்களா. மனசாட்சிப்படி எழுதுங்க." மனசாட்சி என்ற வார்த்தை அவன் வாயிலிருந்து வந்ததும் நொரீனுக்கு அவன் தலையில் குடல் வாளியைக் கவிழ்க்கலாம் போல இருந்தது.

ஆளுக்கொரு மூலையாகத் திரும்பிக்கொண்டார்கள். நொரீன் காகிதத்தை மேசையில் வைத்தாள். ஈர மேசை, காகிதம் ஊறியது. வெறுமனே மடித்துப் போடவேண்டியதுதான். மடிக்கப் போனாள்.

கொலீன் பின்னாலிருந்து வந்து காதருகே மூச்சு விட்டாள். "ஏய் நொரீன், சொல்லக்கூடாதுன்னு பாத்தேன். ரெண்டு பேரு உன் பேருங்கறாங்க. தோளு சரியில்லையாமே? நெருக்கமாத்தான் வரும் போலருக்கு. பாத்துக்க."

அது உண்மையா, வெண்டல் சொல்லிக்கொடுத்த பேச்சா? நொரீனுக்கு இன்றுவரை தெரியாது. அப்போது அவளுக்கு அதைப் பற்றியெல்லாம் யோசனை ஓடவில்லை. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்ச் செலவு மனசில் ஓடியது, வெண்டலின் மூன்று நாள் வேலை ஓடியது. இந்தத் தோளை வைத்துக்கொண்டு இந்த ஊரில் வேறு எவன் வேலை தருவான் என்று ஓடியது. கை பென்சிலை எடுத்தது. ஐந்தாறு எழுத்துத்தான். எழுதி, இரண்டாக மடித்து, மறுபடி மடித்து, டப்பா வாயில் போட்டுவிட்டாள். போட்ட பிறகு விரலைப் பார்த்தாள். மீன் செதில் ஒன்று நகத்தில் ஒட்டியிருந்தது.

க்ளிஃப் மூடியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பிரித்தான்.

"பெர்னி. பெர்னி. பெர்னடெட். பெர்னி." ஈரத்தில் ஒட்டிக்கொண்ட இரண்டு சீட்டைப் பிரிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. "பெர்னி. இதும் பெர்னி. ஆறும் ஒண்ணுதான். சரி, தெளிவா முடிவு பண்ணிட்டீங்க. பெர்னி, ஆகஸ்ட்ல ஒரு போன் போடறேன்."

பெர்னி தலையாட்டினாள். ஏப்ரனைக் கழற்றிக் குழாயில் அலசி ஆணியில் மாட்டினாள். மணிக்கட்டுப் பட்டையை அவிழ்த்துப் பைக்குள் போட்டாள். தன் இரண்டு கத்தியையும் துணியில் சுற்றினாள். கொலீன் அழுதாள். அவளைக் கட்டிக்கொண்டு, "சரி சரி, விடு" என்று பெர்னியே முதுகில் தட்டிக்கொடுத்தாள். அந்த அழுகையைப் பார்க்க நொரீனுக்குச் சகிக்கவில்லை.

வழக்கம்போல இருவரும் வண்டியில் ஏறினார்கள். முன்கண்ணாடி முழுக்க ஈசல் அப்பியிருந்தது. துடைப்பானைப் போட்டதும் நசுங்கிப் பச்சையாக இழுவியது. சோப்புத் தண்ணீர் அடித்தும் போகவில்லை. நொரீன் தலையைச் சாய்த்துக் கிடைத்த இடைவெளியில் பார்த்து ஓட்டினாள். ஏதாவது சொல்லவேண்டும்.

"எல்லாரும் இப்பிடிப் பண்ணுவாங்கன்னு நான்..." என்று ஆரம்பித்தாள்.

"உன் புருசன் செவ்வாக்கிழமை என் வீட்டுக்கும் வந்தான்" என்றாள் பெர்னி.

நொரீன் பிரேக்கை மிதித்துவிட்டு மறுபடி எடுத்தாள்.

"'எல்லாரும் உன் பேருதான் எழுதப்போறாங்க பெர்னி, நீயே எழுதிட்டா மரியாதையா இருக்கும்'னான். ஒரு பை ஆப்பிள் கொண்டு வந்தான். அசிங்கம் புடிச்சவன்னு நெனச்சுக்கிட்டேன், வாயத் திறக்கல."

"அவன் பண்ணினதுக்கு நான் என்ன பெர்னி... அவன்கிட்ட நேத்துகூட சண்ட போட்டேன். உன் கூட்டத்துல நான் இல்லன்னு சொன்னேன்."

"சொல்லியிருப்ப." பெர்னி வெளியே பார்த்துக்கொண்டே பேசினாள். கோபமாகப் பேசவில்லை. கடையில் என்ன வாங்கவேண்டும் என்று சொல்கிற குரல். "நான் என் பேரத்தான் எழுதினேன். மரியாதைக்காக இல்ல. என் சீட்டும் என் பேருல இருந்தாத்தான் கணக்கு சுத்தமா வரும்னு எழுதினேன். க்ளிஃப் அஞ்சு தடவ பெர்னிம்பான், ஒண்ணு மட்டும் வேற எதுவோ, இல்ல வெறும் காகிதமோ இருக்கும். அது யாருதுன்னு எனக்குத் தெரியும். அது போதும்னு இருந்தேன். அதுக்காகத்தான் உள்ள நின்னேன், இல்லன்னா மத்தியானமே கெளம்பியிருப்பேன்."

பெர்னி மடியிலிருந்த கத்தி மூட்டையின் துணியை மறுபடி இறுக்கிச் சுற்றினாள்.

"கடைசி ரெண்டும் ஒட்டிக்கிச்சுல்ல, அப்ப கூட நெனச்சேன்."

பெர்னி வீடிருக்கும் ஃபுல்டன் தெரு முனை வந்தது. நொரீன் வண்டியை நிறுத்தினாள். பெர்னி கத்தி மூட்டையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். காலடியில் மொறுமொறுவென்று நசுங்கியது. குனிந்து சன்னல் வழியாகப் பார்த்தாள்.

"திங்கக்கிழமையிலிருந்து நேரா போயிடு. இந்தத் தெருவுல திரும்பினா உனக்குப் பத்து நிமிசம் சுத்து."

நடந்து போய்விட்டாள். நொரீன் கதவைத் திறந்து ரோட்டோரம் குனிந்தாள். தொண்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். ஒன்றும் வெளியே வரவில்லை.